குமாரமங்கலத்து ஜமீன்தார்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தில், பரந்த புன்செய் நிலங்களை ஆண்ட ஜமீன் குடும்பத்தில் 1889-ஆம் வருஷம் பிறந்த டாக்டர் ப. சுப்பராயன், குத்தகைக் கணக்கையும் தொழுவத்து மாடுகளையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே சுகமாகக் காலம் கழித்திருக்கலாம். அவரோ சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து, டப்ளினில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, ஜமீன்தார்களுக்கென்றே தனி ஸ்தானங்கள் இருந்த அக்காலத்துச் சென்னைச் சட்டசபைக்குள் பிரவேசித்தார்.

1926 தேர்தலில் அதிக ஸ்தானங்களைப் பெற்ற சுயராஜ்யக் கட்சியார் மந்திரிசபை அமைக்க மறுத்துவிடவே, எக்கட்சியையும் சாராத சுப்பராயன் தமது 37-ஆம் வயதில் மாகாணத்தின் முதன் மந்திரியானார். போலீஸும் பொக்கிஷமும் நிலவரியும் கவர்னரின் பிடியிலேயே இருந்த இரட்டையாட்சி அது. சைமன் கமிஷன் பற்றிய தகராறில் சக மந்திரிகள் இருவரும் 1928-இல் விலக, ஜஸ்டிஸ் கட்சியின் ஆதரவால் அவர் பதவியில் நீடித்ததைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமில்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் அதே மந்திரிசபையில்தான் முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்தியோக உரிமையை அமலாக்கினார் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பின்னர் அவர் காங்கிரஸில் சேர்ந்ததையும், இந்தோனேஷியாவில் ஸ்தானீகராக இருந்ததையும், மத்திய மந்திரியாகி, மகாராஷ்டிர கவர்னராக 1962-இல் காலமானதையும் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. என் மனம் நிலைப்பது வேறொன்றில்.

எங்கள் அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் சந்நிதியில் இன்று எந்த ஜாதியாரும் நின்று தரிசிக்கும் உரிமைக்காக ஆதியில் சட்டத்தின் வழியே முயன்றவர்களுள் அவரும் ஒருவர். குருவாயூர் சத்தியாக்கிரகமும் காந்தியடிகளின் உண்ணாவிரதமும் தேசத்தையே உலுக்கிய 1932-இல், அதே திருச்செங்கோட்டு வட்டாரத்துப் புதுப்பாளையம் ஆசிரமத்தில் ராஜாஜி 1925 முதல் தீண்டாமையை எதிர்த்துப் பாடுபட்டு வந்த நாளில், பரம்பரைப் பெருமையால் கோயில்களில் முதல் மரியாதை பெறத்தக்க இந்த ஜமீன்தார், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காக ஆலயப் பிரவேச மசோதாவைக் கையிலெடுத்தார். அகில இந்தியாவையும் பாதிக்கும் விஷயம் என்று சொல்லி, 1933 ஜனவரியில் வைஸ்ராய் அதற்கு அனுமதி மறுத்தார். பதினான்கு வருஷங்கள் சென்று, 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியபோது, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபையில் சுப்பராயனும் ஒரு மந்திரியாக அமர்ந்திருந்தார்.