அஞ்சுநாட்டில் ஐந்து நாள்

தீபாவளி ஒன்றுகூடலின்போது சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். "சார், ஜனவரியில பசங்களுக்குக் குளிர்கால லீவு. பாலக்காடு, பரம்பிக்குளம், மூணாறு, தேக்கடி. மொத்தம் அஞ்சு நாள். எந்த ஊர்ல எந்த ஓட்டல்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். "ஒரே ஊர், ஒரே ஓட்டல்" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து ரசத்துக்குப் போய்விட்டார். வேடிக்கை இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்த அதே பட்டியலோடு நாங்களும் ஒரு முறை போனோம். பட்ட அனுபவத்தை நம் சங்கத்து அன்பர்கள் அனைவருக்குமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் முதல் பயணம்

சில வருஷங்களுக்கு முன் நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா ஆகிய ஐவரும் தில்லியிலிருந்து கோவைக்கு ரயிலில் வந்து இறங்கினோம். அம்மாவுக்காகத்தான் அந்தப் பயணம். அவர் பிறந்தது மூணாறு - மறையூர் சாலையை ஒட்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில். ஆச்சி கொழுந்து எடுத்தவர். தாத்தாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பதினோரு வயதில் கோவில்பட்டிப் பக்கம் வந்துவிட்ட அம்மா, அதன் பிறகு அந்த மலையைப் பார்க்கவே இல்லை.

நான் வரைபடத்தை விரித்து ஸ்கேல் வைத்து அளந்து திட்டம் போட்டேன். முதல் நாள் பாலக்காட்டுக் கோட்டையும் கல்பாத்தி அக்கிரகாரமும் பார்த்தோம். அதில் குறையில்லை. இரண்டாம் நாள் பரம்பிக்குளம். பாலக்காடு மாவட்டத்தில்தானே இருக்கிறது, அருகில்தான் என்று எண்ணினேன். அங்கே போகும் சாலை கேரளத்தின் வழியாக இல்லவே இல்லை! தமிழ்நாட்டுக்குள் திரும்பி வந்து, பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் சேர்ந்தபோது அனுமதி நேரம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து பொள்ளாச்சியில் படுத்தோம்.

மூன்றாம் நாள் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்குப் போனோம். அம்மாவின் எஸ்டேட் அந்த வழியில்தான் இருந்தது. ஆனால் அங்கே வரும்போது பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கிவிட்டது. மூணாறில் அறை, மறுநாள் தேக்கடியில் அறை, அதற்கு மறுநாள் மதுரையில் ரயில் என்று எல்லாமே முன்பதிவு ஆகியிருந்தது. "இந்த வளைவுதான்னு நெனைக்கேன்" என்று அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டி நிற்காமல் போயிற்று. "சரி விடு, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றார். அந்த வயதில் ஒருவர் 'அடுத்த தடவை' என்று சொன்னால் கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்கு இரவுகள், நான்கு கட்டில்கள். தினமும் காலையில் பெட்டி கட்டுவது, மாத்திரை டப்பா எந்தப் பையில் என்று தேடுவது, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்வது. ஊர் பார்த்த நேரத்தை விட வண்டியில் உட்கார்ந்த நேரமே அதிகம்.

இத்தாலியிலிருந்து வந்த யோசனை

இதற்கு மருந்து எனக்கு இத்தாலியிலிருந்து கிடைத்தது. மிலான் நகரில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன், தன் பெற்றோரை அந்த நாட்டின் வடமேற்குக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். அங்கே செங்குத்தான மலைச்சரிவும் கடலும் சந்திக்கும் இடத்தில் மோன்தெரோஸ்ஸோ, வெர்னாஸ்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று ஐந்து சிற்றூர்கள். 'சிங்க்வே தெர்ரே' என்பது பொதுப் பெயர். 'ஐந்து நிலங்கள்' என்று பொருள். 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற பகுதி. அவன் ஐந்து ஊரிலும் அறை தேடவில்லை. பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவில் மூன்று இரவுக்கு ஒரே அறை எடுத்தான். காலையில் ரயிலேறினால் சில நிமிஷத்தில் ஓர் ஊர், அங்கிருந்து சில நிமிஷத்தில் அடுத்த ஊர். இரவு அதே கட்டில். "மாமா, அம்மா ஒரு நாள் முழங்கால் வலின்னு ரூம்லயே இருந்துட்டாங்க. அதனால ஒண்ணும் கெட்டுப் போகல" என்று தொலைபேசியில் சொன்னான்.

அந்தக் கடைசி வாக்கியம் மனதில் நின்றுவிட்டது. ஒரு நாள் கெட்டால் மற்ற நாள்கள் கெடாத திட்டமே நல்ல திட்டம். என் பட்டியலில் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும்.

ஐந்து நிலங்கள் என்றதும் நம் மலையிலும் ஓர் 'ஐந்து' இருப்பது நினைவுக்கு வந்தது. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரயூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அந்த ஊர்க்காரர்களின் வழிவழிச் செய்தி. இருப்பது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. ஆனாலும் கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் தாராளமாகச் செல்லுபடியாகும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது சாதாரண வசதி அல்ல.

ஏன் மறையூர்?

தங்குமிடம் என்றதும் எல்லோரும் மூணாறையே சொல்வார்கள். நான் மறையூரைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரம். மறையூர் சுமார் 1000 மீட்டர்தான். வயதானவர்கள் குளிரில் நடுங்க வேண்டாம். மறையூர் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே தன் மழையைக் கொட்டிவிடுவதால், ராஜமலைப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்போது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள சின்னாறில் 500 மில்லிமீட்டர் அளவுக்கே பெய்கிறது. மேலும், நாம் பார்க்க வேண்டிய இடங்கள் மறையூருக்கு இரு புறமும் ஒரே சாலையில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

இங்கே இத்தாலிபோல் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மலைரயில் ஓடியது உண்மை. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே வண்டிதான். கோவையிலிருந்து உடுமலை சுமார் 70 கிலோமீட்டர். உடுமலையிலிருந்து மறையூர் சுமார் 45. இடையில் யானைக்காடு வருவதால் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும். ரயில் மாலையில் வந்து சேர்ந்தால் அன்று இரவு கோவையிலேயே தங்கிவிடுங்கள். மறையூர் சேர்ந்தபின் உள்ளூர் ஜீப்பை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. உள்ளூர் டிரைவருக்கு மலையின் மனநிலை தெரியும்.

நாள்வாரித் திட்டம்

முதல் நாள்: மதியத்துக்குள் மறையூர். சாப்பிட்டு உறங்கி எழுந்து, மாலையில் ஒரு வெல்லக் கொட்டகைக்குப் போங்கள். கரும்புச் சாற்றை வாயகன்ற கொப்பரையில் காய்ச்சிப் பாகாக்கி, ஆறும் பதத்தில் கையாலேயே உருட்டுகிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடான வெல்லம் ஓர் உருண்டை வாங்கித் தின்ற என் பிள்ளைகள் அன்று வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: காலையில் முனியறைகள். பெரிய கற்பலகைகளை நான்கு பக்கமும் நிறுத்தி மேலே ஒரு பலகையால் மூடிய பெருங்கற்காலச் சின்னங்கள் அவை. வழியில், வேலியிட்டுக் காக்கப்படும் இயற்கைச் சந்தனக் காட்டைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பிறகு சுமார் 15 கிலோமீட்டர் மேலேறினால் காந்தலூர். படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் காய்கறியும் விளைகின்றன. சில தோட்டங்களில் ஆப்பிளும் உண்டு. 2023இல் மத்திய அரசின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கப் பரிசு பெற்ற ஊர் இது.

மூன்றாம் நாள்: ராஜமலை, அதாவது இரவிகுளம் தேசியப் பூங்கா. மறையூரிலிருந்து மூணாறு போகும் சாலையில், மூணாறுக்கு முன்னாலேயே நுழைவாயில் வந்துவிடுகிறது. வழியில் லக்கம் அருவி. நுழைவாயிலிலிருந்து வனத்துறை வண்டியில்தான் மேலே போக வேண்டும். நம் மாநில விலங்கான வரையாடு இங்கே பத்தடி தூரத்தில் நின்று மேயும். பின்னணியில் 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம். குறிஞ்சி பூத்தது 2018இல்; இனி 2030இல்தான் எதிர்பார்க்கலாம். முக்கியமான விஷயம்: வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். தேதி குறிக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

நான்காம் நாள்: ஒன்றும் எழுதாதீர்கள். காலியாக விடுங்கள். திட்டத்தின் உயிரே இந்த நாள்தான்.

ஐந்தாம் நாள்: இறங்கும் வழியில் சின்னாறு. 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சரணாலயம். நரை அணில், நட்சத்திர ஆமை ஆகியவற்றின் வீடு. மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருவார்கள். பகலில் முடித்துக்கொண்டு உடுமலை வந்துவிடலாம்.

காலி நாள் என்ன செய்தது?

இரண்டாம் முறை இப்படித்தான் போனோம். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஜீப் டிரைவர் வந்து, "மேல ஒண்ணுமே தெரியலையாம் சார், பஸ்காரங்க சொன்னாங்க. நாளைக்குப் போலாம்" என்றார். முந்தைய பயணமாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பேன். அன்று இன்னொரு காபி சொன்னேன். பிள்ளைகள் மறுபடியும் வெல்லக் கொட்டகைக்குப் போனார்கள். அம்மா வெயிலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ராஜமலை பார்த்துத் திரும்பும்போது அம்மாவின் எஸ்டேட். எஸ்டேட் என்பது தனியார் இடமாகையால் அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டோம். தகரக் கூரை போட்ட நீண்ட லயம். எந்த வீடு என்று அம்மாவுக்குச் சந்தேகம். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் விவரம் கேட்டுக்கொண்டு, "எந்த வீடா இருந்தா என்னம்மா, உள்ள வாங்க" என்றார். கறுப்புத் தேநீர் கொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கொழுந்து நிறுப்பது, பேர் போடுவது, யார் யார் எந்த ஊருக்கு இறங்கிப் போனார்கள் என்று ஏதேதோ. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்று இரவு நாங்கள் போய்ச் சேர வேண்டிய புது ஊர் எதுவும் இல்லையே.

சில எச்சரிக்கைகள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மறையூரில் மழை குறைவு என்றாலும் மேலே மண் சரியும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். நாம் ரசிக்கும் பச்சைக்குப் பின்னால் இந்த மனிதர்கள் இருப்பதை மறக்கலாகாது.

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், மணியில் கணக்கிடுங்கள். நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணிக்குக் குறையாது. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்சீட்டில் உட்காருவது நல்லது. மாத்திரைகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்தே எடுத்துப் போங்கள். கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். டாப் ஸ்டேஷன், தேக்கடி எல்லாம் விட்டுப் போகிறதே என்று வருந்த வேண்டாம். அவை இன்னொரு பயணத்துக்கு.

பாலக்காடு பூர்வீகமாக உள்ள அன்பர்கள் இதே முறையைப் பாலக்காட்டு நகரத்தை மையமாக வைத்துச் செய்யலாம். கல்பாத்தி, கோட்டை, மலம்புழை அணை, நெம்மாறை வழியாக நெல்லியாம்பதி எல்லாமே போய் இரவுக்குள் திரும்பக்கூடியவை. கல்பாத்தித் தேருக்குப் போவதானால் நவம்பர். பரம்பிக்குளத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதற்குப் பொள்ளாச்சியிலிருந்து போவதே முறை.

பந்தியில் காகிதம் நீட்டிய நண்பருக்கு இதுதான் என் பதில். போய் வந்தபின் காலி நாளில் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.