வேலை தேடும் பிள்ளைகளும் இணையத் தளங்களும்

சென்ற ஆண்டு பங்குனியில், ஈரோடு மாவட்டக் கிராமம் ஒன்றிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். நகைக் கடன் பேரேட்டைப் புரட்டி வருகையில் ஒரு பதிவு என் கண்ணில் பட்டது. மஞ்சள் விற்றுக் கையில் ரொக்கம் புழங்கும் நாளில், மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர் அம்மையார் ஒருவர் ஒரு பவுன் சங்கிலியை ஈடு வைத்து ரூ. 42,000 பெற்றிருந்தார். நடவுக்கும் உரத்துக்கும் கடன் வாங்குவது இயல்பு. விளைச்சலை விற்ற மாதத்தில் வாங்குவானேன் என்று செயலாளரைக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, “பையனுக்கு விமான நிலையத்தில் வேலை வந்திருக்கிறதாம், ஐயா, அதற்குக் கட்டுவதற்கு” என்றார்.

வேலை வரவில்லை. கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அதன் பின் அரசு முத்திரை போன்ற ஒன்றைப் பொறித்த நியமனக் கடிதம் வந்திருக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம், அடுத்துச் சீருடைக்கு, அதற்கும் அடுத்துத் ‘திருப்பித் தரப்படும்’ காப்புத்தொகை என்று மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த எண் பேசாமற் போய்விட்டது. பையன் பட்டதாரி, மூடனல்லன். வெட்கத்தால் ஒன்பது நாள் ஒருவரிடமும் சொல்லாதிருந்தான் என்பதே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பேரேட்டுப் பதிவுதான். தறியும் நிலமும் வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிழைப்புத் தருவதில்லை என்பதை நம் அங்கத்தினர்கள் அனைவரும் அறிவர். முன்னாளில் வேலை தேடுவோர் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று, அட்டை பெற்று வந்தனர். இன்று அப்பதிவும், பதிவைப் புதுப்பித்தலும் தமிழக அரசின் வேலைவாய்ப்புத் துறை இணையத் தளத்திலேயே நடைபெறுகின்றன. மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. நான் கல்லூரி முடித்த நாளில் அதை மறந்து, பதிவு மூப்பை இழந்தவன். ஆகையால் இவ்வரியைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

அரசுப் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தளமே வாயில். நானும் அவ்வாணையத்தின் தேர்வு எழுதியே இத்துறைக்கு வந்தேன். முதலில் ஒருமுறைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் ரூ. 150, ஐந்தாண்டுகள் செல்லும். அதன் பின் ஒவ்வொரு தேர்வுக்கும் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். ஒருமுறைப் பதிவு செய்ததையே தேர்வுக்கு விண்ணப்பித்ததாக எண்ணி, கடைசி நாளைக் கோட்டை விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆண்டின் எந்தத் திங்களில் எந்தத் தேர்வு என்ற அட்டவணையை ஆணையம் முன்னரே வெளியிடுவதால், அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைப்பது நலம். நம் கூட்டுறவு வங்கிகளிலும் சங்கங்களிலும் உள்ள உதவியாளர் பணிகளுக்கோ மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் தத்தம் தளங்களில் அறிவிக்கை வெளியிடுகின்றன. அவற்றுக்குக் கூட்டுறவுப் பயிற்சி பெற்றிருத்தல் இன்றியமையாதது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறிவிக்கை வந்த பின் பயிற்சியில் சேர ஓடிப் பயனில்லை.

உண்மைத் தளத்தையும் போலித் தளத்தையும் பிரித்தறிவது எப்படி? தளத்தின் முகவரியை முன்னிருந்து படிப்பதை விட, ஈற்றை முதலில் பார்க்க வேண்டும். அரசுத் தளமாயின் முகவரிப் பெயரின் ஈற்றில் ‘ஜி.ஓ.வி.’ என்ற மூன்று எழுத்துக்களும், ஒரு புள்ளியும், ‘ஐ.என்.’ என்ற இரண்டு எழுத்துக்களும் நிற்கும். மோசக்காரர்கள் அதே எழுத்துக்களைப் பெயரின் நடுவில் புகுத்தி, முடிவில் வேறொன்றை வைப்பார்கள். ஆயினும் இது முற்ற முடிந்த விதியன்று. பொதுத்துறை வங்கிகளுக்குத் தேர்வு நடத்தும் நிறுவனத்தின் முகவரி வெறும் ‘ஐ.என்.’ என்றே முடிகிறது. ஆள்சேர்ப்பு நிலையங்களின் முகவரிகளிலும் அவ்வாறு அமைந்தவை உண்டு. அத்தகைய இடங்களில் செய்தித்தாளில் வந்த அறிவிக்கையிலுள்ள முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஐயமிருப்பின் மண்டல இணைப்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை; அதற்காகத்தான் அலுவலகம் இருக்கிறது.

இனி, மோசடி எதுவும் இன்றியே ஒரு பெண்ணின் வாய்ப்புப் போன கதையைச் சொல்ல வேண்டும். சேலம் பக்கத்து நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் மகள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், பட்டமும் பெற்றவள். தேர்வுக்கான விண்ணப்பத்தை ஊரிலுள்ள ‘பிரவுசிங் சென்டர்’ ஒன்றில் கொடுத்து நிரப்பினாள். கடைக்காரர் கெட்டவரல்லர். ஒரு நாளில் நாற்பது விண்ணப்பம் பார்ப்பவர்; வேலை விரைந்து முடியட்டும் என்று தம் மின்னஞ்சலையும், தம் கைப்பேசி எண்ணையுமே எல்லாருக்கும் இட்டுவிடுவார். கடவுச்சொல்லும் அவர் மனத்தில்தான். தேர்வுக்கூடச் சீட்டு வெளியான செய்தி அவருடைய எண்ணுக்கு வந்தது. அவ்வாரம் அவர் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார்; கடை பூட்டியிருந்தது. பெண்ணுக்குப் பதிவெண் தெரியாது, கடவுச்சொல் தெரியாது. தேர்வு நாளன்று காலை அவள் தறிமேடையருகே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்ததாக அவள் தந்தை என்னிடம் கூறினார். ஓராண்டு போயிற்று. வயது வரம்புள்ள பணிகளில் ஓராண்டு என்பது சிறு இழப்பன்று.

ஆதலின் விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் சரி, மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பிள்ளையின் சொந்தமாயிருத்தல் வேண்டும். பதிவெண்ணையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் அட்டை இருக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைத் தன் கையால் இடும்பொழுதன்றி வேறெவர்க்கும் சொல்லலாகாது. எண்ணை மாற்றிப் புதுச் சிம் வாங்கும் வழக்கத்தையும் தேர்வுக் காலத்திலாவது நிறுத்திவைப்பது நன்று. பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பொதுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. நம் சங்கத்துப் பணியாளரிடம் பக்கத்தில் அமர்ந்து, “என் எண்ணையே போடுங்கள், அண்ணா” என்று சொல்லி, நிரப்பியதைப் படித்துப் பார்த்து, நகலை வாங்கி வரும் உரிமை அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைக்கு உண்டு. மதிப்பெண் சான்றிதழ்களை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு தொடங்கிய டிஜிலாக்கரில் சேர்த்துவைத்தால், கடைசி நாளில் அவற்றைத் தேடி அலைய வேண்டியிராது.

தனியார் பணிக்கும் அரசே தளங்கள் வைத்திருக்கிறது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தேசியத் தொழில்நெறிச் சேவைத் தளம் 2015-இல் தொடங்கப்பெற்றது. தமிழக அரசுக்கும் தனியார்துறை வேலைகளுக்கெனத் தனித் தளம் ஒன்று உண்டு. இரண்டிலும் வேலை தேடுவோர்க்குக் கட்டணமில்லை. நௌக்ரி போன்ற தனியார் தளங்களிலும் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே பணம் கேட்டு அளிக்கப்படும் சிறப்புச் சேவைகள் இன்றியே விண்ணப்பிக்க இயலும்.

ஆனால் தேடுகின்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. கைத்தறித் தொழில்நுட்பப் பட்டயம் பெற்ற இளைஞர் ஒருவர் ‘ஹேண்ட்லூம்’ என்று தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கைவிட்டிருந்தார். அவரை அருகில் உட்கார வைத்து ‘டெக்ஸ்டைல்’, ‘குவாலிட்டி கன்ட்ரோல்’, ‘மெர்ச்சண்டைசர்’, ‘புரொடக்‌ஷன் சூப்பர்வைசர்’ என்று ஒவ்வொன்றாகத் தட்டி, ஊர்ப் பெயராகக் கரூர், திருப்பூர், ஈரோடு என்று கொடுத்துப் பார்த்தோம். திரை நிறைய வந்தன. பாவும் ஊடையும் பிழையின்றி அறிந்தவன் துணியின் தரம் பார்க்கும் வேலைக்குத் தகுதியற்றவனா? ஆனால் ஆலைக்காரர் அவ்வேலையை வேறு பெயரால் அழைக்கிறார். நாம் அப்பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். தன்விவரக் குறிப்பிலும் ‘தந்தையின் தொழிலுக்கு உதவி’ என்று அடக்கமாக எழுதாமல், எத்தனையாம் நம்பர் நூலில், எத்தனை ஆண்டுகள், என்ன சேலை நெய்தார் என்று எழுதச் சொன்னேன்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து சென்ற நம் மாநில இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, மோசடி வேலை செய்யுமாறு அடித்துத் துன்புறுத்தப்பட்டு, 2022-இல் மீட்கப்பட்டதை வாசகர்கள் மறந்திரார். அயல்நாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசின் உரிமம் பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் வரம்பு ரூ. 30,000, அதன் மேல் சரக்கு மற்றும் சேவை வரி. தமிழக அரசுக்கும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று உள்ளது.

பணம் போய்விட்டதெனில் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் எந்தக் கணக்குக்குச் சென்றதோ அங்கேயே அதை நிறுத்திவைக்க முயல்வார்கள். அறுந்த இழையை அப்போதே முடிந்தால்தான் உண்டு. நாலு முழம் ஓடிய பின் தேடுவது எத்துணைக் கடினம் என்பது நெசவாளர்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஈரோட்டுப் பையன் ஒன்பதாம் நாள் அழைத்தான். ஒரு காசும் மீளவில்லை.

அதன் பின் அவன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடந்த தனியார்துறை முகாமைத் தளத்தில் பார்த்துச் சென்று, பெருந்துறைப் பக்கம் ஓர் ஆலையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். எவரும் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. இந்த ஆண்டு ஆய்வுக்கு மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றபோது அதே பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். வட்டி முழுவதும், அசலில் ரூ. 15,000-ம் வரவாகியிருந்தன. சங்கிலி இன்னும் சங்கத்தின் பெட்டகத்தில்தான் இருக்கிறது.