வைப்பு என்னும் கடன்

வங்கியில் பணம் போட்டுவைப்பதை வைப்பு என்கிறோம். டெபாசிட் என்று சொன்னாலும் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றேதான்: நம் பொருளை நம்பத்தகுந்த ஓரிடத்தில் அடைக்கலமாகக் கொடுத்திருக்கிறோம், கேட்டபோது அது நம் கைக்குத் திரும்பும் என்பது. ஆனால் சட்டத்தின் பார்வையிலோ, ரசீதை வாங்கிக்கொண்டு நாம் கவுண்ட்டரை விட்டு நகர்ந்த கணத்திலேயே அந்தப் பணம் வங்கியின் சொத்தாகிவிடுகிறது. அத்தொகையை வட்டியுடன் திரும்பக் கேட்கும் பாத்தியதை ஒன்றே நம்மிடம் எஞ்சுகிறது. லாக்கரில் பூட்டிவைத்த நகை என்றும் நம்முடையது. கணக்கில் கட்டிய பணமோ நாம் வங்கிக்குக் கொடுத்த கடன். வங்கி செழிப்பாக நடக்கும் காலத்தில் இந்த வேற்றுமையை எண்ணிப்பார்க்க யாருக்கும் அவசியம் நேர்வதில்லை. அது நொடித்துப்போகும் நாளிலேதான், காப்பீட்டு வரம்புக்கு மேலாகப் பணம் வைத்திருந்தவர், தாமும் வரிசையில் நிற்கும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் என்று அறிந்து திடுக்கிடுகிறார்.

இந்தத் திடுக்கிடல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தபோது, உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் நிலச்சுவான்தார்களும் அதனிடம் ஒப்படைத்திருந்த சம்பாத்தியம் ஒரே நாளில் வெறும் கோரிக்கையாக மாறிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்; ஆயினும் தண்டனை நியாயத்தை நிலைநாட்டுமேயன்றிப் போன பொருளை மீட்டுத் தராது. அந்த நஷ்டத்தின் வேதனையிலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால், மறு ஆண்டிலே இந்தியன் வங்கி பிறந்தது. பிறகு 1960 ஆகஸ்டில், ரிசர்வ் வங்கியின் மனுவின்மேல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி கலைப்புக்கு உள்ளானபோது எழுந்த கலக்கமே, 1962 ஜனவரி 1 முதல் இந்தியாவில் வைப்புக் காப்பீடு அமலுக்கு வரக் காரணமாயிற்று. அன்றைய வரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய். 1993இல் அது ஒரு லட்சமாயிற்று. 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம்.

இந்த ஐந்து லட்சத்தைக் கணக்கிடும் முறையைப் பலர் அறியார். அசலும் வட்டியும் சேர்ந்ததே அத்தொகை. ஒரே வங்கியின் பத்துக் கிளைகளில் பிரித்துப் போட்டாலும், ஒருவர் பெயரில் ஒரே உரிமையில் உள்ள கணக்குகள் யாவும் ஒன்றாகவே கூட்டப்படும். அந்த வங்கிக்கு அவர் தரவேண்டிய கடன் பாக்கி இருப்பின் அதுவும் கழிக்கப்படும். வேறொரு வங்கியில் வைத்தால் அங்கே தனி வரம்பு உண்டு. 2021இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, வங்கி முடக்கப்பட்ட நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை வைப்பாளர் கைக்கு வந்து சேரவேண்டும். ஆக, வரம்புக்கு உட்பட்ட பணத்திற்கு ஒரு கெடு ஏற்பட்டிருக்கிறது. வரம்புக்கு மேற்பட்ட பணத்திற்கோ அத்தகைய கெடு கிடையாது.

அந்த மிச்சப் பணம் எங்கிருந்து வரக்கூடும்? முறிந்த வங்கியின் ஆஸ்திகளிலிருந்துதான். கட்டடங்களையும் பத்திரங்களையும் விற்று, வாராக் கடன்களை வழக்காடி வசூலித்து, வருவதைக் கடன் கொடுத்தவர்களுக்குச் சட்டம் வகுத்த வரிசைப்படி பகிர்வது லிக்விடேட்டரின் கடமை. அந்த வசூலில் காப்பீட்டுக் கழகத்திற்கும் பங்கு உண்டு. வைப்பாளர்களுக்கு அது கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற அதற்கு உரிமை இருக்கிறது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், பெரிய வைப்பாளர் எதிர்க்கவேண்டிய சத்துருக்கள் இருவர்: ஒன்று நஷ்டம், மற்றது காலம். ரூபாய்க்கு எத்தனை காசு கிடைக்கும் என்ற கேள்விக்கு நிகரானது, அது என்றைக்குக் கிடைக்கும் என்ற கேள்வி.

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை நன்கு விளக்கும். கலிபோர்னியா மாகாணத்துப் பாசடேனா நகரின் இண்டிமாக் வங்கி 2008 ஜூலை 11 அன்று மூடப்பட்டபோது, அந்நாட்டின் பொதுவான காப்பீட்டு வரம்பு ஒரு லட்சம் டாலர். வரம்புக்கு மேற்பட்ட தொகையில் பாதியை அங்குள்ள காப்பீட்டுக் கழகம் உடனே முன்பணமாக வழங்கி, மறுபாதிக்கு, ஆஸ்தி வசூலாகும்போது பங்கு கேட்கும் உரிமையை அளித்தது. மூன்று மாதங்கூடக் கழியவில்லை. அக்டோபர் 3 அன்று வரம்பு இரண்டரை லட்சம் டாலராக உயர்ந்தது. தங்கள் வங்கி சில வாரங்கள் முன்னதாக வீழ்ந்ததே தாங்கள் செய்த பாபமா என்று அந்த வைப்பாளர்கள் மனம் நொந்திருந்தால் அதில் வியப்பில்லை. 2010 ஜூலையில் இயற்றப்பட்ட நிதிச் சீர்திருத்தச் சட்டம், உயர்ந்த வரம்பை 2008 ஜனவரி 1 முதலே செல்லுபடியாகச் செய்து, அந்தக் குறையை நீக்கிற்று. இரண்டு லட்சம் டாலர் வைத்திருந்தவர், இரண்டு ஆண்டு காத்திருந்தபின், முழுமையும் பெறத்தக்கவரானார்.

நம் நாட்டில் பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் சரித்திரம் வேறு விதமாகச் சென்றது. அதன் கடன்களில் பெரும்பகுதி ஒரே கட்டட நிறுவனக் குழுமத்திடம் முடங்கிக் கிடந்ததும், அது ஏடுகளில் மறைக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டபின், 2019 செப்டம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி அதை முடக்கிற்று. லட்சக்கணக்கில் பணம் வைத்திருந்தவரும் முதலில் எடுக்கமுடிந்தது ஆயிரம் ரூபாயே. பின்னர் அந்த வரம்பு படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. முடிவில் 2022 ஜனவரி 25 அன்று யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் அது இணைக்கப்பட்டது. முடக்கத்திற்குப் பிறகே காப்பீட்டு வரம்பு ஐந்து லட்சமாக உயர்ந்திருந்தும் அதன் பயன் இவர்களுக்குக் கிட்டியது ஒரு பாக்கியம். அதற்கு மேற்பட்ட பணத்துக்குச் சாதாரண வைப்பாளர்களுக்கு வகுக்கப்பட்ட திட்டம் இது: முதலாண்டு முடிவில் ஐம்பதாயிரம் வரை, இரண்டாமாண்டு முடிவில் மேலும் ஐம்பதாயிரம், பின்பு ஒரு லட்சம், இரண்டரை லட்சம், ஐந்தாமாண்டு முடிவில் ஐந்தரை லட்சம், அதற்கும் மிஞ்சியது பத்தாண்டு முடிவில்.

இருபது லட்சம் வைத்திருந்த ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். ஐந்தாண்டில் அவருக்குப் பதினைந்து லட்சம் வந்து சேரும். கடைசி ஐந்து லட்சம் 2032ஆம் ஆண்டின் தொடக்கத்தில். ஐந்தாண்டு வரை வட்டி கிடையாது. அதன்பின் நூற்றுக்கு இரண்டே முக்கால். முடக்கப்பட்டபோது அறுபத்தைந்து வயதானவர் தம் கடைசித் தவணையை வாங்கும்போது எழுபத்தேழைக் கடந்திருப்பார். காகிதக் கணக்கில் அவருக்கு அசல் முழுதும் திரும்பிவிட்டது. ஆனால் அதை எந்த வைத்தியத்திற்கென்று, எந்தக் கல்யாணத்திற்கென்று சேர்த்தாரோ அந்தத் தேவைகள் அவருக்காகக் காத்திருந்திரா.

ஆகையால் வைப்பாளர் செய்யத்தக்கவை சில உண்டு. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்பை ஒரே வங்கியில் குவிக்காமல் பகிர்ந்து வைக்கவேண்டும். சிறிது மிகுந்த வட்டியைக் காட்டி அழைக்கும் ஸ்தாபனத்தில், அந்த மிகுதி எதற்கான விலை என்று ஆராயவேண்டும். தவறிப்போய் முறிவு நேர்ந்துவிட்டால், ரசீதுகளையும் பாஸ்புத்தகத்தையும் அடையாளப் பத்திரங்களையும் சிரத்தையுடன் காத்து, அறிவிப்பில் குறித்த தேதிக்குள் கோரிக்கையைப் பதிவு செய்யவேண்டும். நியமனதாரர் பெயரும் விலாசமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். மற்ற வைப்பாளர்களுடன் சேர்ந்து குரல் கொடுக்கவேண்டும். வங்கிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கோ இதனினும் பெரிய கடமை உண்டு. ஏட்டில் மறைந்துள்ள பொய்யை ஓராண்டு முன்னதாகக் கண்டுபிடிப்பது, பிற்பாடு பத்தாண்டு தவணை வகுப்பதைவிட மேலான உபகாரம். சேமித்த ஏழை எளியவரும் ஓய்வூதியக்காரரும் கடன் கொடுக்க எண்ணி வங்கிக்குப் போகவில்லை. அடைக்கலம் வைக்கவே போனார்கள். சட்டம் அதைக் கடன் என்று சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அவர்கள் வைத்த நம்பிக்கைக்கு நிகராகக் காவல் காப்பது நிர்வாகத்தின் தர்மம்.