வலியில்லாமல் சிறுநீரில் ரத்தமா? அலட்சியம் வேண்டாம்

சிறுநீர் ஒருமுறை சிவந்து போகும், வலி இருக்காது, மறுநாள் தெளிந்துவிடும். ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று இளநீர் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். சிறுநீரகப் புற்றுநோய் இப்படியும் தலைகாட்டும். பலருக்கு இந்த அறிகுறிகூட இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

யாருக்கு ஆபத்து?

புகைபிடிப்பவர்கள், உடல் பருமனும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். புனேயின் போபோடி, கட்கி பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் இந்த நோயை உண்டாக்கும் என்பது உறுதியாகியிருக்கிறது. கையாளும் ரசாயனம் எது என்று நிர்வாகத்திடம் கேட்பது உங்கள் உரிமை.

உள்ளே நடப்பது

சிறுநீரகப் புற்றுநோயில் பரவலாகக் காணப்படும் வகையில், வி.எச்.எல். மரபணு பழுதாகிறது. ஆக்சிஜன் குறைந்தால் மட்டுமே பெருக வேண்டிய ‘ஹிஃப்’ புரதம், கட்டுப்படுத்த ஆளின்றி எப்போதும் பெருகுகிறது. புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கட்டிக்குத் தீனி போடுகின்றன. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹிஃப் புரதத்தையே தடுக்கும் பெல்சுட்டிஃபான் மாத்திரையை, முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2023-இல் அனுமதித்தது. நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்பும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன.

கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பெரும்பாலும் அதை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டும் என்றால், ‘மீதியைக் காக்க வழியில்லையா?’ என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

பணத்துக்கு வழி

சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மாத்திரைக்கு ஒருகாலத்தில் மாதம் சுமார் ரூ.2.8 லட்சம் ஆனது. காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே அதைத் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை, காப்புரிமைச் சட்டத்தின்படி ஹைதராபாதின் நாட்கோ நிறுவனம் 2012 மார்ச்சில் பெற்றது, விலை ரூ.8,880-க்கு மிகாத அளவுக்கு இறங்கியது. இந்தியாவில் கட்டாய உரிமம் பெற்ற முதல் மருந்து அதுதான். ஆகவே, விலையைப் பார்த்து மலைக்காமல், அதே மருந்தின் ஜெனரிக் வடிவம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே இலவச சிகிச்சைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் ‘ஆரோக்யமித்ர’ ஊழியரைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், மேலும் 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் காட்டித் தயங்காமல் கேளுங்கள். அது தர்மமல்ல, சட்டம்.