18 நிமிட அப்பம்

1986-ஆம் ஆண்டு. கொச்சி ஹார்பர் டெர்மினஸ் பக்கம் தண்டவாளப் பராமரிப்பில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். கூட்ஸ் ஆபீசுக்கு அலுவலாக வரும் மட்டாஞ்சேரி யூதப் பெரியவர் ஒருவர் எங்கள் அறையிலும் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். ஏப்ரலில் ஒருநாள் காகிதத்தில் சுற்றி எதையோ நீட்டினார். "எங்கள் பெருநாள் அப்பம், சாரே" என்றார். அப்பளம் போல் மெல்லிசு, உடைத்தால் 'சடக்'கென்ற சத்தம், வாயில் போட்டால் உப்புமில்லை, உறைப்புமில்லை. ஒரு கடி கடித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் எறும்பு மொய்த்துக் கிடந்தது. வீட்டில் சுட்டதா, வெளியிலிருந்து வந்ததா, எப்படிச் செய்வது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்தப் பண்டத்தின் பெயர் மட்ஸா. தமிழ் பைபிளில் 'புளிப்பில்லா அப்பம்' என்று வருவது இதுதான். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த யூதர்கள் ஒரே இரவில் புறப்பட வேண்டிவந்தது. மாவு புளித்து உப்பும்வரை காத்திருக்க நேரமில்லை. அப்படியே சுட்டு எடுத்துக்கொண்டு நடந்தார்கள் என்பது ஐதீகம். அதன் நினைவாகத்தான் பெசாக் என்னும் பஸ்கா பண்டிகை. பௌர்ணமியில் தொடங்குவதால் பெரும்பாலும் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். இஸ்ரேலில் 7 நாள், வெளிநாட்டு யூதர்களில் பலருக்கு 8 நாள்.

எஞ்சினீயரிங் டிப்ளமா படித்தவனுக்கு இதில் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. கோதுமை மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து சுட்டு முடிக்கும்வரை 18 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. ஆனால் புளித்ததாகக் கணக்கு, தள்ளிவிட வேண்டியதுதான். உப்பாமல் இருக்க மாவுத் தகட்டில் வரிசையாகத் துளை போடுகிறார்கள். இரவே மாவு ஆட்டிப் பொங்க வைத்து, காலையில் இட்லி ஊற்றும் நமக்கு இது நேர் எதிர்த்திசை!

ஆனால் ஆசாரம் மட்டும் நமக்குப் புதிதல்ல. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் பாட்டிமார் மடி பார்த்ததைக் கண்டவர்களுக்குச் சட்டென்று புரியும். கொச்சி யூதப் பெண்கள் இந்தப் பண்டிகைக்கு மாதக்கணக்கில் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்களாம். தனிப் பாத்திரம், வீடு முழுக்கப் போகிக்குச் செய்வதுபோல் சுத்தம், அரிசியை மணி மணியாகப் பொறுக்குதல். ஐரோப்பிய வழி வந்த யூதர்கள் பலர் அந்த நாட்களில் அரிசியே தொடமாட்டார்கள். மலையாளக் கரையில் அரிசி இல்லாமல் எப்படி நடக்கும்? (அப்படியானால் இட்லி ஆகுமா என்று என்னைக் கேட்காதீர்கள், அவர்களுடைய ரப்பியைத்தான் கேட்க வேண்டும்.)

ஜோசப் ரப்பான் என்பவருக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் 72 உரிமைகளை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் எழுந்தது. இத்தனை காலம் வேரூன்றி வாழ்ந்தவர்கள், 1950-களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை, புண்ணிய பூமி என்று போனார்கள். அங்கே நெவாட்டிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் கொச்சிக்காரர்கள் நிறையப் பேர். இங்கே தங்கியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கூட்டுப் பிரார்த்தனைக்கு வேண்டிய 10 ஆண்கள்கூடச் சேராமல் போயிற்று. 2024 ஆகஸ்டில், கடைசிப் பரதேசி யூதப் பெண்மணி குயீனி ஹல்லேகுவா 89 வயதில் காலமானார். பத்திரிகையில் அதைப் படித்த அன்றைக்குத்தான் அந்த டிராயர் ஞாபகம் வந்தது. இனிக் கேட்கலாம் என்றால் அந்தத் தெருவில் யாரிடம் கேட்பது?

2025-இல் தமிழ்ப் புத்தாண்டு பெசாக் நாட்களுக்குள்ளேயே விழுந்தது. வாழ்த்துச் சொல்லப் போன் செய்த என் மகன், அமெரிக்காவில் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் காலையில் கொடுத்த பலகாரத்தைப் பற்றிச் சொன்னான். பெயர் மட்ஸா பிரை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன யூதர்களின் பண்டிகைக் காலை உணவு, கொச்சிக்காரர்களுடையது அல்ல. ஆனாலும் அதே அப்பம்தானே என்று செய்து பார்த்தோம்.

இரண்டு கப் கோதுமை மாவு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர், வேறொன்றுமில்லை. கெட்டியாகப் பிசைந்து, முடிந்தவரை மெல்லிசாகத் திரட்டி, முள்கரண்டியால் குத்தி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் மொறுமொறுவென்று சுட வேண்டும்.

"மாவை அரை மணி ஊற வைக்காம எப்படிங்க மிருதுவா வரும்?" என்றாள் என் வீட்டம்மா.

"மிருதுவா வரக்கூடாதுங்கிறதுதான் விஷயம்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடைமேல் வைத்துக்கொண்டேன். முதல் தடவை 6 அப்பத்துக்கு 31 நிமிடம்! இரண்டாம் தடவை அவள் திரட்ட நான் சுட, 4 அப்பம் 17 நிமிடத்தில் முடிந்தது. ஆசாரப்படி இது மட்ஸா ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவு அரைப்பதிலிருந்தே ஈரம் படாமல் காவல் காக்க வேண்டுமாம். நம்முடையது அடுக்களை நகல்தான்.

ஆறியபின் இரண்டு அப்பங்களை ரூபாய் அளவுத் துண்டுகளாக உடைத்து, வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். நான் ஐந்து நிமிடம் விட்டுக் களியாக்கினேன். இரண்டு முட்டையை உப்புடன் அடித்துக் கலந்து, வாணலியில் வெண்ணெய் உருக்கிப் போட்டு, பொன்னிறமாகும்வரை புரட்டி எடுங்கள். உப்பு, மிளகு தூவலாம். அல்லது சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவலாம். பால் பொருளும் இறைச்சியும் ஒரே வேளையில் அவர்களுக்கு ஆகாது என்பதால், வெண்ணெய் போட்ட அன்று கூடவே கறி வைக்க மாட்டார்கள்.

குமுளியில் வாழ்க்கைப்பட்ட மகள் பட்டைக்குப் பதில் தன் தோட்டத்து ஏலக்காயைப் பொடித்துப் போட்டாளாம். இடுக்கி ஏலம் மட்டாஞ்சேரி யூதத் தெருக் கிடங்குகளுக்குக் காலங்காலமாக இறங்கிய சரக்குத்தான், தப்பில்லை.

வீட்டம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "இது முட்டை போட்ட கொத்துப் பரோட்டாதானே?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். மிஞ்சிய இரண்டு அப்பங்களை நெய் தடவாமல், எதுவும் தொட்டுக்கொள்ளாமல் நானே உட்கார்ந்து தின்றேன். எறும்புக்கு ஒரு துண்டு வைக்கவில்லை.