சென்னிமலையில் ஒரு நாள்! கணவனும் மனைவியுமாகப் போய் வாருங்கள்

ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது. கணவன்-மனைவி இருவரும் எங்கே போகலாம்? ஈரோட்டில் பஸ் ஏறுங்கள். சென்னிமலையில் இறங்குங்கள்!

1,320 படிகள்

வெயில் ஏறுமுன் மலை ஏறிவிட வேண்டும். மொத்தம் 1,320 படிகள். ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு.

உச்சியில் முருகன் கோவில். அதற்குப் பின்னால் வள்ளி-தெய்வானைக்குத் தனிக் கோவில். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் இதுதான் என்பார்கள்.

1984-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இந்தப் படிகளில் ஒரு மாட்டு வண்டியே ஏறியது!

கொடி காத்த குமரன்

திருப்பூர் குமரன் பிறந்தது இந்த ஊரில்தான். ஆண்டு 1904. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1932 ஜனவரியில், திருப்பூரில் கொடி பிடித்துச் சென்றபோது தடியடி பட்டு உயிர் நீத்தார். அப்போது வயது 27. இளம் மனைவி ராமாயி தனிமரமானார்.

தறிச் சத்தம்

மாலையில் நெசவாளர் தெருவுக்குப் போங்கள். தறிச் சத்தம் கேட்கும். கணவன் நெய்வார், மனைவி தார் சுற்றித் தருவார். சென்னிமலைப் போர்வை ஒன்றில் இருவர் உழைப்பும் இருக்கிறது.

விசைத்தறிப் போர்வைக்கு விலை குறைவு. அதோடு போட்டியிட முடியாமல் கைத்தறிக்காரர்கள் திணறுகிறார்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்களும் உண்டு. ஆகவே, கூட்டுறவு சங்கக் கடையில் கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள்.

அந்தப் போர்வை உங்கள் கட்டிலில் விரியும்போது, சென்னிமலையில் ஒரு வீட்டில் அடுப்பு எரியும்!