யார் இந்த ஹம்ப்டி டம்ப்டி?

ஹம்ப்டி டம்ப்டி ஒரு முட்டை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாட்டை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், முட்டை என்ற சொல்லே அதில் வராது. மதில்மேல் உட்கார்ந்தான், கீழே விழுந்தான், ராஜாவின் குதிரைகளும் ஆட்களும் திரண்டு வந்தும் அவனை ஒட்டவைக்க முடியவில்லை. அப்படியானால் அவன் யார்? ஆதியில் இது விடுகதை. ஒன்றாம் வகுப்பு டீச்சராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் ஒரு தீராத வருத்தம் உண்டு. முட்டைக்குக் கால்சட்டை மாட்டிப் படம் போட்டு, கேள்விக்கு முன்னாலேயே விடையைக் காட்டிவிடுகிறோம்.

லண்டனில் சாமுவேல் ஆர்னால்டு என்ற இசையமைப்பாளர் 1797-ல் வெளியிட்ட சிறுவர் பாட்டுப் புத்தகத்தில் இது அச்சேறியது. அதில் ராஜாவும் இல்லை, குதிரையும் இல்லை. 80 பேர் வருகிறார்கள், பிறகு இன்னொரு 80 பேர். அவ்வளவு பேராலும் ஆகவில்லை. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இதே விடுகதை வேறு பெயர்களில் புழங்கியதை, ஓப்பி தம்பதி 1951-ல் கொண்டுவந்த குழந்தைப் பாடல் அகராதியில் பார்க்கலாம். 1648-ல் கோல்செஸ்டர் முற்றுகையில் விழுந்த பீரங்கிதான் அவன் என்றும், மூன்றாம் ரிச்சர்டு மன்னன்தான் என்றும் சொல்வார்கள். எதற்கும் ஆதாரம் கிடையாது.

அவனைப் பேசவைத்தவர் லூயிஸ் கரோல். 1871-ல் வந்த ஆலிஸின் இரண்டாவது கதையில், குறுகலான மதில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் கட்டியிருப்பது கழுத்துப்பட்டியா, இடுப்பு வாரா என்று ஆலிஸுக்குப் புரியவில்லை. முட்டைக்குக் கழுத்து எது, இடுப்பு எது! வாரென்று சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. தான் ஒரு சொல்லைச் சொன்னால், தான் நினைப்பதுதான் அதற்குப் பொருள் என்றும் அடித்துப் பேசுகிறான்.

அந்த அகம்பாவம் நீதிமன்றம் வரை போனது. 1941, போர்க்காலம். தக்க காரணம் இருந்தால் ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்பது பிரிட்டனில் விதி. காரணம் இருப்பதாக அமைச்சர் நினைத்தாலே போதும் என்றார்கள் நான்கு நீதிபதிகள். அட்கின் பிரபு மட்டும் மறுத்தார். சட்டத்துக்கு இப்படிப் பொருள் சொல்ல ஹம்ப்டி டம்ப்டியைத் தவிர வேறு சான்று தமக்குத் தெரியவில்லை என்று தீர்ப்பில் எழுதினார். பல வருடங்கள் கழித்து, அட்கின் சொன்னதே சரி என்று அந்நாட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மழலைப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து கிடைத்ததில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் பென் வாரன், அரசியல்வாதி ஒருவனின் வீழ்ச்சியை 1946-ல் நாவலாக்கியபோது இந்தப் பாட்டின் வரியிலிருந்தே தலைப்பை எடுத்தார். அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நிக்சனை வீழ்த்திய வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய 1974-ஆம் வருடப் புத்தகத்தின் தலைப்பிலும் அதன் எதிரொலி உண்டு.

ஒருமுறை வகுப்பில் சுவர்ப்படத்தைக் கழற்றிவைத்துவிட்டு, பாட்டைத் தமிழில் விடுகதையாகப் போட்டேன். “பானை, டீச்சர்!” என்றான் ஒருவன். “கண்ணாடி வளையல்” என்றாள் ஒரு சிறுமி, தன் கையைப் பார்த்துக்கொண்டே. இரண்டும் பொருந்தத்தானே செய்கின்றன? முட்டைக்கு அவர்கள் வந்துசேர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை வகுப்பில் ஒரு குழந்தைகூட வேறு பக்கம் திரும்பவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். விடையை மட்டும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.